செங்கோட்டைக் கணவாயும் 1956ஆம் ஆண்டு எல்லைக்கோடும்: எல்லைப் புவியியல் நோக்கு

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் எல்லை வரலாறு மொழிவழி மாநிலப் போராட்டத்தின் கிளைக்கதையாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்ததைக் குறிப்பிட்டவுடன் அவ்வரலாறு நின்றுவிடுகிறது. கோடு எந்த இடத்தில், எந்த அளவுகோலின்படி இடப்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவே எல்லைப் புவியியலின் தொடக்கப் புள்ளி.

இத்துறையில் ஓ. எச். கே. ஸ்பேட் (1911–2000) என்னும் புவியியலாளரின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இந்தியா, பாகிஸ்தான் குறித்து 1954இல் அவர் வெளியிட்ட பெருநூல் வட்டாரப் புவியியலில் இன்றும் எடுத்தாளப்படுவது. அதற்கு முன்னர், 1947இல் பஞ்சாப் எல்லை ஆணையத்தின் லாகூர் விசாரணையின்போது அகமதியா பிரிவினருக்குப் புவியியல் ஆலோசகராக அவர் செயல்பட்டார். அங்கு நிகழ்ந்த வாதங்களின் உள்ளீடு, பெரும்பான்மையை மாவட்ட அளவில் கணக்கிடுவதா, தாசில் அளவில் கணக்கிடுவதா என்பதே. அலகு மாறினால் கோடும் நகரும். இசுலாமியர் சிறு பெரும்பான்மையாக இருந்த குர்தாஸ்பூர் மாவட்டம் பிளக்கப்பட்டது. சகர்கர் தாசில் மட்டும் பாகிஸ்தானுக்குச் சென்றது. அகமதியரின் மையமான காதியான் இந்தியாவில் நின்றது.

செங்கோட்டையில் குருதி சிந்திய பிரிவினை ஏதும் நிகழவில்லை. எனினும் அலகுச் சிக்கல் இங்கும் அதுவே. 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம், 1955இல் அளித்த அறிக்கையில் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றுடன் செங்கோட்டை வட்டத்தையும் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது. அலகு, வட்டம், அளவுகோல், மொழி. ஆயின் பின்னர் நிலத்தைப் பார்வையிட்ட கூட்டு ஆலோசனைக் குழு, வட்டத்தின் எல்லை சீரற்று உள்நுழைந்தும் வெளிநீண்டும் கிடப்பதைச் சுட்டியது. முடிவில் செங்கோட்டை வட்டம் முழுமையாக இணையவில்லை. அதன் மேற்குப் பகுதி கேரளத்திலேயே தங்கிற்று.

எல்லை ஆக்கத்தை, நிலத்தை ஒதுக்குதல், கோட்டைச் சொற்களால் வரையறுத்தல், தரையில் அடையாளமிடுதல், நிருவகித்தல் என ஸ்டீபன் ஜோன்ஸ் 1945இல் பகுத்தார். செங்கோட்டையில் முதற்கட்டத்தை மொழி தீர்மானித்தது. இரண்டாம் கட்டத்தில் மலை குறுக்கிட்டது. ஆரியங்காவுப் பகுதியின் நீர் மேற்கே கல்லடையாற்றுக்குச் செல்கிறது. செங்கோட்டைச் சமவெளியின் நீர் கிழக்கே சிற்றாற்றின் வழியாகத் தாமிரபரணியை அடைகிறது. புதிய கோடு ஏறத்தாழ இந்நீர்ப்பிரிமேட்டை ஒட்டியே அமைந்தது. பழைய திருவிதாங்கூர் எல்லையோ மேட்டைத் தாண்டிக் கிழக்குச் சமவெளிக்குள் நீண்டிருந்தது. ஆகவே 1956ஆம் ஆண்டுக் கோட்டை மொழிக்கோடு என்று மட்டும் அழைப்பது பாதி உண்மையே. மொழிப் பெரும்பான்மை தனியே போதாது என்பதற்குத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் வலுவான சான்று. அவற்றை ஆணையம் சென்னைக்குப் பரிந்துரைக்கவே இல்லை.

மலைமுகடு தெளிவான எல்லை என்பது வரைபடம் தரும் எண்ணம். செங்கோட்டைக் கணவாய் அதனை ஓரளவு பொய்ப்பிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்க வேண்டிய தென்காசியில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசுவதும், குற்றால அருவிகளில் நீர் பெருகுவதும் தென்மேற்குப் பருவக்காற்று இவ்விடைவெளியில் நுழைவதாலேயே. திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்து 1904இல் நிறைவுற்ற இருப்புப்பாதையும் இவ்வழியையே தேர்ந்தது. அப்பாதை அமைந்த காலத்தில் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே அரசெல்லை ஏதும் இல்லை. திருவிதாங்கூரின் கிழக்கெல்லை, செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருந்தது. 1956இல் அது மலைமேல் ஏறியது. இடம்பெயர்ந்த இவ்வெல்லையின் சோதனைச்சாவடி இன்று புளியரையில் உள்ளது.

வழிபாட்டு வழித்தடம் இம்மாற்றத்திற்கு உடன்படவில்லை. அச்சன்கோவில் தர்மசாஸ்தாவின் திருவாபரணப் பெட்டி ஆண்டுதோறும் மார்கழித் திருவிழாவிற்குப் புனலூரிலிருந்து புறப்படுகிறது. ஆரியங்காவு, செங்கோட்டை வழியே தென்காசிக்கு வந்து, காசி விசுவநாதர் கோயில் முன் வரவேற்பைப் பெற்று, மீண்டும் மலையேறி அச்சன்கோவிலை அடைகிறது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் கேரளத்தில் உள்ளன. இடைவழி தமிழ்நாட்டில் உள்ளது. 1956ஆம் ஆண்டுக் கோட்டை அப்பெட்டி ஒவ்வோர் ஆண்டும் இருமுறை கடக்கிறது.