கருமருந்துத் துவக்கு: பலனக் கோட்டையிலிருந்து கேப்பு ரிவோல்வர் வரை

கருமருந்துத் துவக்கு என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த மருந்தை எரித்து, அதில் பிறக்கும் வாயுவின் உந்தலால் ஈயச் சன்னத்தை வெளியே செலுத்தும் கருவி. மருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பது நீண்டகாலமாக நிலைத்துவிட்ட கணக்கு. இத்துவக்கின் குழலும் சன்னமும் நூற்றாண்டுகளில் மெல்லத்தான் மாறின. அடிக்கடி மாறியது மருந்துக்கு நெருப்பு வைக்கும் பொறிதான். எரியும் திரி, தீக்கல், செப்புக் கேப்பு என்று அது படிப்படியாக வளர்ந்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று மழை. ஈரத்துக்குப் பயப்படாத நெருப்பு எது என்ற கேள்வியைக் கண்டி மலைநாட்டைப் போல விடாமல் எழுப்பிய போர்க்களங்கள் குறைவு.

கடுகண்ணாவைக்கு அருகில், மேற்குத் தாழ்நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறது பலன. கொழும்புப் பக்கமிருந்து கண்டிக்கு ஏற விரும்பிய படைகளுக்கு அதுதான் வாசல். 1594இல் பெத்ரோ லோபெஸ் த சூசாவின் படை இந்த மலைகளுக்குள் ஏறி, தந்துரையில் அழிந்தது. பின்னர் வந்த ஜெரோனிமோ த அசவேது பலனக் கோட்டையைக் கைப்பற்றியும் 1603இல் பின்வாங்க நேர்ந்தது. வருகிறவர்களிடமும் துவக்கு இருந்தது, காத்திருந்தவர்களிடமும் இருந்தது. போர்த்துக்கேயர் கரையிறங்கி நூறாண்டுகூட ஆகாத நிலையில் சிங்களக் கொல்லர்கள் அந்தத் தொழிலை முழுவதுமாகக் கற்றுவிட்டிருந்தார்கள். 1596இல் வெளிவந்த பயண நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோதன், இத்தீவில் செய்யப்படும் துவக்குக் குழல்கள் எங்கும் காணக்கூடியவற்றில் மிகச் சிறந்தவை, வெள்ளிபோல் மின்னுபவை என்று வியந்து எழுதினார்.

அந்தத் துவக்குகளின் அமைப்பு தனித்துவமானது. ஐரோப்பியத் துவக்குகளில் பொறி வழக்கமாக வலப்பக்கத்தில் இருக்கும். சிங்களத் துவக்குகளில் பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும், அதன் வில்லும் வெளியே தெரியும். அடிக்கட்டை பிளந்து சுருண்ட வடிவில் செதுக்கப்பட்டு, தந்தமும் வெள்ளியும் பதிக்கப்பட்டிருக்கும். இந்தப் பொறிக்குத் தொலைவில் ஓர் உறவும் உண்டு. போர்த்துக்கேயரின் ஆசியக் கடல்வழியில் பரவிய, விசையை அழுத்தியதும் சட்டென்று கீழே விழும் திரிப்பொறி, 1543இல் ஜப்பானின் தனேகஷிமாத் தீவிலும் கரையேறியது. கண்டியும் ஜப்பானும் ஏறத்தாழ ஒரே வகைப் பொறியைப் பெற்று, இரண்டும் அதைத் தமக்குரியதாக மாற்றிக்கொண்டன.

திரித்துவக்கின் பலவீனம் அதன் திரியிலேயே இருக்கிறது. 1630 ஆகஸ்டில் கப்பித்தான் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு த சா, ஊவாவிலிருந்து திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் சூழப்பட்டார். கூட வந்த லஸ்கரீன்கள் என்ற உள்நாட்டுச் சிப்பாய்கள் பெருமளவில் கட்சி மாறினார்கள். கொட்டிய மழையில் மருந்தும் திரியும் நனைந்து துவக்குகள் வெறும் தடிகளாயின. போர்த்துக்கேயத் தளபதி களத்திலேயே மாண்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் கன்னொறுவவில் இரண்டாம் இராஜசிங்கன் இன்னொரு போர்த்துக்கேயப் படையை ஒழித்தான்.

மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு மலைக்குள்ளேயே கிடைத்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் மீமுரேப் பக்கம் இருக்கும் ஒரு குகை இன்றைக்கும் வெடியுப்புக் குகை என்ற பொருளிலேயே அழைக்கப்படுகிறது. வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் தம்பியும் இராணுவ மருத்துவருமான ஜான் டேவி அங்கே போய்ப் பார்த்து, 1821இல் வெளியிட்ட நூலில் அதன் வேலைமுறையை விவரித்திருக்கிறார். உப்புப் படிந்த பாறையைச் சுரண்டிப் பொடித்து, மரச்சாம்பலோடு கலந்து, நீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தார்கள். சாம்பலில் உள்ள பொட்டாசியம்தான் இதன் சூட்சுமம். குகை மண்ணில் இருக்கும் சுண்ண நைத்திரேற்று காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். சாம்பல் சேர்ந்ததும் அது பொட்டாசியம் நைத்திரேற்றாக மாறி உலர்ந்து நிற்கும். பாடநூல் படிக்காத மலையவர்கள் ஈரத்தோடு நடத்திய சண்டையில் இதுவும் ஒரு வெற்றி.

கண்டி அரச சேவையில் துவக்குக்காரருக்குத் தனித்தனி லேகம்கள், அதாவது நிர்வாகப் பிரிவுகள், இருந்தன. அவற்றுள் கொடித்துவக்கு லேகம் குறிப்பிடத்தக்கது. கொடித்துவக்கு என்பது மரக்கால்கள்மீது நிறுத்திச் சுடும் சிறு பீரங்கி. மனிதர் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறிவிடலாம். சக்கரம் ஏறாத பலன போன்ற கணவாய்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடையாது. இன்றும் இலங்கையில் பல குடும்பங்கள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன.

நான்கு கோறளையின் லெவ்கே திசாவை 1745 அளவில் மன்னனுக்குக் கொடுத்த அலங்காரப் பீரங்கி இக்கலையின் உச்சம். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அந்த வெண்கலப் பீரங்கியைப் பெற்றவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், அதாவது கண்டி அரியணையில் ஏறிய முதல் நாயக்க மன்னன். 1765இல் ஆளுநர் வான் எக்கின் ஒல்லாந்தப் படை கண்டியைச் சூறையாடியபோது அது கைமாறியது. அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அந்தப் பீரங்கி, இரண்டு மகா துவக்குகளும் வாள்களும் கத்தியும் உள்ளிட்ட மற்ற ஐந்து பொருள்களோடு 2023 இறுதியில் இலங்கைக்குத் திரும்பியது. துவக்கு வரலாற்றில் ஆர்வமுள்ள ஒருவர் கொழும்புக்குப் போய்க் கட்டாயம் பார்க்க வேண்டியவை இவை.

மழைக்கு உண்மையான விடை ஸ்காட்லாந்தில் பிறந்தது. பெல்ஹெல்வி என்ற ஊரின் திருச்சபைப் போதகர் அலெக்சாண்டர் போர்சைத் ஒரு பறவை வேட்டைக்காரர். தீக்கல்லின் பொறியைக் கண்டதும் வாத்துகள் எழும்பிவிடுகின்றன என்பது அவருடைய வருத்தம். அடித்தால் வெடிக்கும் பல்மினேற்று உப்பைக் கொண்டு மருந்துக்கு நெருப்பு வைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். 1820களில் அந்த உப்பைச் சிறு செப்புக் கிண்ணத்தில் அடக்கிய கேப்பு பரவியது. குழலின் அடியில் திருகிய துளையுள்ள நிப்பிளில் கேப்பைச் செருகி, சுத்தியல் அதை அடித்தால் போதும். திறந்த மருந்துக் கிண்ணமும் வேண்டாம், புகையும் திரியும் வேண்டாம்.

கண்டி அரசுக்கு அது காலம் கடந்து வந்தது. 1815 மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அதே 1832இல்தான் கடுகண்ணாவையில் டோசன் கோபுரம் எழுந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் திட்டமிட்ட கொழும்பு–கண்டி வீதியை மலையேற்றி, 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவாக அது கட்டப்பட்டது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகத் துவக்குகள் காத்த கணவாய், பாறையைக் குடைந்த ஒரு வீதியால் திறந்துவிட்டது.

அந்த வீதியில் கோப்பித் தோட்டக்காரர்கள் ஏறினார்கள். கேப்புத் துவக்குகளும் மலைநாட்டுக்கு வந்தன. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்குப் பெருங்குழல் கருமருந்து ரைபிள்களை வைத்திருந்தார். மேஜர் ரோஜர்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்று, 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கேப்பின் நம்பகத்தன்மை மலைநாட்டு யானைக்கூட்டங்களுக்கு எவ்வளவு பெரிய கேடாக முடிந்தது என்பதை இந்த ஒரு எண்ணே காட்டுகிறது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கி, அதன் தலைவர்களில் ஒருவனான வீர புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்ற காலத்தில் பிரித்தானியப் படையும் கேப்புக்கு மாறிவிட்டிருந்தது.

ஒரே கைத்துவக்கில் ஐந்தாறு வேட்டு என்ற கனவைக் கேப்புதான் சாத்தியமாக்கியது. 1830இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கோர்வோ என்ற கப்பலில் வேலை பார்த்த பதினாறு வயதுப் பையன் சாமுவேல் கோல்ட், அந்தப் பயணத்தில் மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1851 நேவி என்ற மாதிரி மட்டும் ஹார்ட்போர்ட் ஆலையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இலண்டனிலும் அவர் 1853 முதல் சில ஆண்டுகள் ஆலை நடத்தினார். அங்கே அவருக்குப் போட்டியாக நின்றது ரொபர்ட் அடம்ஸின் ரிவோல்வர். கிரைமியாவில் போரிட்ட லெப்டினன்ட் போமொன்ட் 1856இல் அதன் விசையைத் திருத்தினார், 1857 இந்தியக் கிளர்ச்சிக் காலத்துப் பிரித்தானிய அதிகாரிகள் பலர் அதை இடுப்பில் கட்டினார்கள்.

உலோகத் தோட்டா வந்ததும் 1870களில் கேப்பு ரிவோல்வரின் காலம் முடிந்தது. அதை மீட்டவை வரலாற்று ஆர்வமும் விளையாட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் இறுதியில், வால் போர்ஜெட் என்ற வணிகர் இத்தாலியின் கார்டோனே வால் திரோம்பியாவில் 1851 நேவியின் நகல்களைச் செய்யச் சொன்னார். பெரெட்டா குடும்பத்தின் குழல் வணிகத்துக்கு 1526ஆம் ஆண்டுப் பத்திரம் இருக்கும் துவக்குப் பள்ளத்தாக்கு அது. அங்கிருந்த அல்டோ ஊபெர்த்தி 1959இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் பியெத்தாவும் வந்தது. இன்று உலகின் கேப்பு ரிவோல்வர் நகல்களில் பெரும்பகுதி இந்தப் பிரெசியா மாவட்டத்தில்தான் பிறக்கிறது.

குறிசுடுவதற்கு நகல் வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது சட்டகம். கோல்ட் வகையில் சிலிண்டருக்கு மேலே பட்டை கிடையாது. குழலை ஓர் ஆப்பு மட்டும் பிடித்திருக்கும், பின் குறி சுத்தியலின் தலையில் உள்ள பிளவுதான். கையில் அது சமநிலையாக நிற்கும், நடு அச்சு பெரிதாக இருப்பதால் கசடு ஏறினாலும் சுழலும். ஆனால் வெடித்த கேப்பின் துண்டு சுத்தியல் இடுக்கில் விழுந்து பொறியை அடைத்துவிடுவது அதன் பழைய நோய். ரெமிங்டன் 1858 வகைக்கு மேற்பட்டை உண்டு, குறி சட்டகத்திலேயே இருக்கிறது, நீண்டகாலம் தளராது. மெல்லிய அச்சு மட்டும் கசடில் சீக்கிரம் இறுகும். குறி தவறாமல் சுட விரும்புபவருக்கு இரண்டில் ரெமிங்டனே மேல். போட்டிக்காரர் பலர் ரோஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் நகலை விரும்புகிறார்கள். அமெரிக்க அரசு 5,000 வாங்கியும் போர் முடிந்ததால் பயன்படாமல் கிடந்த மாதிரி அது.

பித்தளைச் சட்டகம் அழகாக மின்னும், விலையும் குறைவு. அசலில் அது உருக்குப் பஞ்சத்தின் விளைவு. தெற்கு மாநிலத்துக் கிரிஸ்வோல்ட் ஆலை சுமார் 3,600 மட்டுமே செய்தது. நிறைய மருந்து போட்டால் பித்தளை மெல்ல நெகிழ்ந்து சிலிண்டர் இடைவெளி அகலும். தொடர்ந்து சுடுபவர் உருக்கைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது வாய் அளவு. .36க்குச் சுமார் 9.5 மில்லிமீற்றர் சன்னமும் .44க்கு 11.5 மில்லிமீற்றர் சன்னமும் வழக்கம். சன்னம் தூய மென் ஈயமாக, அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். நெம்புகோலால் அழுத்தும்போது விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு விழுந்தால் அறை இறுக அடைபட்டது என்று அறியலாம். இறுக்கம் போதாவிட்டால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குப் பாய்ந்து சேர்ந்தே வெடிக்கும். இதற்காகவே சன்னத்தின்மேல் கொழுப்புப் பூசுவார்கள், அல்லது அடியில் கம்பளி வட்டு வைப்பார்கள். நிப்பிளில் கேப்பு தளராமல் பொருந்துவதும் அதே அளவு முக்கியம். துல்லியத்துக்காக மருந்தைக் குறைப்பவர்கள், சன்னம் அறை வாயருகில் நிற்பதற்காக இடைவெளியை ரவையால் நிரப்புகிறார்கள். உப்புமாவுக்குக் கிளறும் அதே கோதுமை ரவைதான். புகையற்ற நவீன மருந்தை இதில் ஒருபோதும் போடக்கூடாது. அதன் அழுத்தத்தில் சிலிண்டர் சிதறும்.

ஈரம் இங்கேயும் விடவில்லை. கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். கண்டி மலைகளின் காற்றில் ஓர் இரவு விட்டாலே துரு தெரியும். சுட்ட அன்றைக்கே சிலிண்டரைக் கழற்றி, சுடுநீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவுவது இதன் நித்திய கடமை.

இவ்விளையாட்டின் உலக அமைப்பு எம்.எல்.ஏ.ஐ.சி. கேப்பு ரிவோல்வருக்கான மாரியெத் போட்டியில் 25 மீற்றர் தூரத்தில் 30 நிமிடத்துக்குள் 13 வேட்டுகள் சுட வேண்டும், சிறந்த பத்து கணக்கில் வரும். அசலுக்கும் நகலுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. பிரித்தானியா 1997இல் கைத்துவக்குகளைத் தடைசெய்தபோதும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரிவோல்வரை உரிமத்தோடு அனுமதித்தது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தொல்பொருள் வரிசையில் சேர்த்து விலக்களித்தது.

இலங்கையில் நிலை வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச் சட்டம் உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. மருந்தை 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் உழவர் இன்றும் கருமருந்துத் துவக்கை வைத்திருப்பது உண்டு. உரிமமின்றிக் கொல்லுப்பட்டறையில் செய்யப்படும் துவக்குகளும் புதரில் கட்டிவைக்கும் பொறித்துவக்குகளும் யானைகளையும் வழிப்போக்கரையும் ஒருசேரக் காயப்படுத்துகின்றன. எனவே இத்தாலிய நகல்மீது ஆசைப்படும் ஒரு கடுகண்ணாவைக்காரர், கோல்டா ரெமிங்டனா என்று பார்ப்பதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைத் தேட வேண்டும். அந்த உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.