லயன் வீடுகளின் பாதுகாப்பு யாருடைய பொறுப்பு?

வீட்டுப் பாதுகாப்பு என்றதும் தலைநகரின் தொடர்மாடிக் குடியிருப்புகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. வாயிற்காவலர், கண்காணிப்புக் கமரா, இரட்டைப் பூட்டு என அங்கு ஏற்பாடுகள் பெருகியுள்ளன. ஆனால் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் முறை இந்நாட்டில் தொடர்மாடிகளோடு தோன்றியதன்று. அக்கரப்பத்தனையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் காணப்படும் லயன்கள் அவற்றுக்கு மூத்தவை. பிரித்தானியர் காலத்தில் உருவான இம்முறையில் இன்றும் பெருந்தொகையானோர் வாழ்கின்றனர்.

ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவிலான ஓர் அறை. அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. இதுவே பழைய லயக் காம்பிராவின் அமைப்பு. இரட்டை லயன்களில் பின்சுவரும் அடுத்த வரிசைக்காரருக்குப் பொதுவானது. பல லயன்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. தகரத்தின் கீழுள்ள வெளி முழு வரிசைக்கும் ஒன்றே. எனவே முன்கதவில் எத்தனை பூட்டுகளைத் தொங்கவிட்டாலும் மேற்புறம் திறந்தே கிடக்கிறது. திருடனைவிடத் தீக்கே அந்த வழி பெரிதும் உதவுகிறது. ஒரு வீட்டில் பற்றிய தீ முழு லயனையும் சாம்பலாக்கிய செய்திகளை மலையகத்திலிருந்து நாம் எத்தனையோ தடவை வெளியிட்டிருக்கிறோம்.

இத்தகைய செய்திகளில் மின்னொழுக்கு என்ற சொல் தவறாது இடம்பெறுகிறது. ஓரிரு மின்குமிழ்களுக்காக இழுக்கப்பட்ட கம்பியில் இன்று குளிர்சாதனப் பெட்டியும் மின்கேத்தலும் இயங்குகின்றன. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதனைத் தவிர்த்து இணைப்பை வழங்கும் 'கைதேர்ந்தவர்களும்' உள்ளனர். அது விழுவது பழுதன்று, எச்சரிக்கை. அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. அடுப்புக்கு மேலே பரணில் விறகு உலர்த்துவதும் ஆபத்தானதே. மழையும் குளிரும் மிகுந்த இப்பிரதேசத்தில் அதனைக் கைவிடுமாறு கூறுவது எளிது, செய்வது கடினம். இரவில் அடுப்பை முற்றாக அணைத்த பின்னர் உறங்கச் செல்வதையாவது வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

110 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும், நுவரெலியாவிலிருந்து தீயணைப்பு வாகனம் வளைந்து நெளிந்த மலைப்பாதையைக் கடந்தே வர வேண்டும். அதுவரை அயலவரே தீயணைப்புப் படையினர். ஒவ்வொரு லயனின் இரு கோடிகளிலும் நீர் நிரப்பிய பீப்பாயும் மணல் வாளிகளும் இருப்பது அவசியம்.

திருட்டைப் பொறுத்தவரை, உழைக்கக்கூடியவர்கள் அனைவரும் மலைக்குச் சென்றுவிடும் பகற்பொழுதே ஆபத்தானது. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலம் அதனினும் மோசம். சாவியை இஸ்தோப்புக் கூரையின் இடுக்கில் செருகிவிட்டுப் போகும் பழக்கம் வீட்டாருக்கு எவ்வளவு வசதியோ, திருடருக்கும் அவ்வளவு வசதி. கடைக்கு மேலேயே குடியிருக்கும் நகரத்து வர்த்தகக் குடும்பங்களும், நோன்பு காலத்தில் இரவுத் தொழுகைக்காக வீட்டைப் பூட்டிச் செல்வோரும் இதனைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

எனினும் குடியிருப்பாளரின் விழிப்புணர்வோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. தொடர்மாடிகளுக்கென 1973 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்தது. பொதுக் கூரைக்கும் படிக்கட்டுக்கும் பொறுப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அங்கு உண்டு. லயனின் பொதுக் கூரைக்கு யார் பொறுப்பு? குடியிருப்பவருக்கு உரித்து இல்லை. 1992 இல் முகாமைத்துவத்தை ஏற்ற கம்பனிகளுக்கோ நிலம் குத்தகைக்குரியது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாகக் கருதப்பட்ட 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டிலேயே அக்கரப்பத்தனை தனக்கென ஒரு பிரதேச சபையையும் பெற்றது. பழைய லயன்களின் இடைச்சுவர்களைக் கூரைவரை உயர்த்துவதும் மின்கம்பிகளை மாற்றுவதும் அச்சபையும் தோட்ட நிர்வாகங்களும் மின்விநியோக நிறுவனமும் இணைந்து செய்யக்கூடிய பணிகளே. தனி வீட்டுத் திட்டங்கள் நிறைவடையும் வரை இவற்றை ஒத்திவைப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

மற்றொரு விடயம், ஆவணங்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, அதனை முழுமையாக மீட்க 2003 வரை காத்திருந்த சமூகத்திற்குப் பிறப்புச் சான்றிதழ் வெறும் கடதாசியன்று. தீயில் நகை போனால் மீண்டும் வாங்கலாம். சான்றிதழ் போனால் கச்சேரிக்கும் பதிவாளரிடமும் அலைவதிலேயே பல நாட் சம்பளம் போய்விடும். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளை வேறொரு லயனிலுள்ள உறவினரிடம் இன்றே ஒப்படைத்து வைப்பது நல்லது.