மடைத் துளையும் மீட்டரும்: புதுக்கோட்டை ஊரகத்தில் நீரளவு விதிகளின் வரலாறு

ஊரகப் பயனாளர் எடுக்கும் நீரை அளந்து கணக்கிட வேண்டும் என்ற விதி புதுக்கோட்டை மாவட்டத்திற்குப் புதிதன்று. காவிரியின் பழைய பாசனப் பரப்புக்கு அப்பால் அமைந்து, பெரும்பாலும் மழையையும் கண்மாய்களையும் நம்பியிருந்த இந்நிலப்பகுதியில், அளவுக்கருவியாக நின்றது குமிழித் தூம்பு என்னும் கல்மடையே ஆகும். கண்மாயின் உட்புறம் நடப்பட்ட இரு கற்றூண்களுக்கிடையே, அடியிலுள்ள கற்பலகையின் துளையை ஓர் அடைப்பு மூடியிருக்கும்; மடையைக் காக்கும் ஊழியர் நீருக்குள் இறங்கி அதை உயர்த்தும் அளவே வயலுக்குப் பாயும் நீரின் அளவாயிற்று. துளையின் அளவு கல்லில் நிலைத்திருந்ததாலும், மடை திறக்கும் நேரமும் வயல்களின் முறையும் ஊரறிந்தவையாக இருந்ததாலும், அளவை மீறியவர் எவர் என்பது அன்றே தெரிந்துவிடும். இவ்விதியை நிலைநிறுத்தியதில் தண்டனைக்கு இருந்த பங்கைவிட இந்த வெளிப்படைத்தன்மைக்கு இருந்த பங்கே பெரிது எனக் கருத இடமுண்டு.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி, விளைச்சலை அரசும் குடிகளும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறையை நீக்கிப் பணவரியை நிலைப்படுத்தினார். குடிகளை அதிகாரிகளின் கெடுபிடியிலிருந்து விடுவித்த சிறந்த சீர்திருத்தம் அது. எனினும் வரி நிலத்தின் பரப்பைச் சார்ந்து நின்றதால், பாய்ந்த நீரின் அளவு அரசின் கணக்கில் இடம்பெறவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நிலத்தடி நீரை நில உடைமையோடு பிணைத்தது. கண்மாய் நீர் ஊருக்குப் பொது, கிணற்று நீர் நிலத்துக்காரருக்கே உரியது என்ற பிரிவினை இவ்வாறு சட்டத்தின் துணையையும் பெற்றது.

கிணற்றில் மின்மோட்டார் பொருத்தப்பட்டபின், இறைத்த நீரை மறைமுகமாகவேனும் காட்டக்கூடிய ஒரே கருவியாக மின்சார மீட்டர் அமைந்தது. ஆனால் அம்மீட்டர் கட்டணத்தின் கருவியாகவே உழவருக்கு அறிமுகமாயிற்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு நடத்திய போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் உழவர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர், 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபோது, பம்புசெட் மீட்டரைப் படிக்க வேண்டிய தேவையே மறைந்தது. உயிர் கொடுத்துப் பெற்ற இவ்வுரிமையைக் குறைகூறுவது நேர்மையன்று. கட்டணத்தோடு சேர்ந்து கணக்கும் போனதே வருந்தத்தக்கது.

இவ்வரலாற்றில் 2003ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு இயற்றப்பட்ட மத்திய மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, மீட்டரின்றி மின்சாரம் வழங்கலாகாது என்றது. தமிழ்நாடு அரசு உழவரிடம் மீண்டும் மின்கட்டணம் வாங்கத் தொடங்கியது; கிணறுகளைப் பதிவு செய்யவும் அனுமதி பெறவும் கோரும் தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. கட்டணம் 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் கைவிடப்பட்டது. நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. மீட்டர் விதி வேளாண் இணைப்புகளில் ஏட்டளவில் நின்றது. ஒரே காலத்தில் வந்த இம்மூன்றையும் உழவர் ஒரே அச்சுறுத்தலாகக் கண்டதில் வியப்பில்லை. மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளும் தொழிற்சாலைகளுக்கு நீர் மீட்டரைக் கட்டாயமாக்கி, வேளாண்மைக்கு விலக்களித்தன.

இதற்கிடையே ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடிக்குக் கீழே சென்றுவிட்டன. கஜா புயலுக்குப் பின் 2019இல் அவ்வூர்களின் இளைஞர்கள் தாமே முன்வந்து குளங்களைத் தூர்வாரியது, நீர்ப்பொறுப்பு ஊரை விட்டு அகலவில்லை என்பதைக் காட்டுகிறது. அளவையும் அவ்வழியே திரும்ப இயலும். கட்டணத்தோடு தொடர்பற்றதாகவும், ஊராருக்குத் தெரியக்கூடியதாகவும் அமையும் அளவைக்கு உழவர் அஞ்சக் காரணமில்லை. தமிழ்நாட்டில் 2023 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அந்நாளில் ஒவ்வோர் ஊராட்சியும் தன் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மோட்டார்கள் ஓடிய நேரத்தையும் ஊரார் முன் படித்துக் காட்டட்டும்.