கண்டற் காட்டின் காவலர்

மூடா ஆறு கடலொடு கலக்குமிடத்தில், கெடா மாநிலக் கடற்கரையின் தென்கோடியில், கோத்தா கோலா மூடா என்னும் மீனவர் ஊர் உளது. ஆற்றின் தென்கரை பினாங்கைச் சார்ந்தது. அங்கே மீன் வாங்குவோர் விலையை உரக்கக் கூவாமல் ஏலக்காரர் காதில் மெல்லச் சொல்லும் வினோதச் சந்தை பெயர்பெற்றது. வடகரையூரின் பெயரை உலகம் அறிந்தது துயரத்தால். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கெடாவில் மிகக் கடுமையாகத் தாக்கிய இடம் இதுவே. உடைந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இங்கே நினைவுச் சின்னம் எழுப்பினர்.

பேரலைக்குப் பின்னர், கரையோரக் கண்டற் காடுகளைக் காத்தல் வேண்டும் என அரசே வற்புறுத்தியது. 2005 முதல் பல இடங்களிற் கன்றுகள் நடப்பெற்றன. ஆயின், அப்பேச்சு அன்று தோன்றியதன்று. பினாங்கில் 1977ஆம் ஆண்டு அமைந்த சிறு கழகம் ஒன்று அதனை முன்னரே பேசிவந்தது. 'சஹாபாட் ஆலாம் மலேசியா' என்பது அதன் பெயர். இயற்கையின் நண்பர் என்பது பொருள்.

கண்டல் தமிழர்க்குப் புதிய மரமன்று. நெய்தல் பாடிய சங்கப் புலவர் அதனை நன்கறிவர். சிதம்பரத்துக்குத் தில்லை எனும் பெயர் தந்த மரமும் இக்காட்டினதே. மலாய் மக்கள் பாக்காவ் என்பர். இதன் வேர்களிடையே இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. ஆதலின் காடு அழிந்தால் முதலில் வெறுமையாவது கரையோர மீனவன் வலைதான்.

கழகத்தை வழிநடத்தியவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். 1926இல் தென்னிந்தியாவிற் பிறந்து, இளமையிலேயே பினாங்குக்கு வந்த தமிழ் முஸ்லிம் வணிகர். 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தலைவர். வெள்ளை ஜிப்பாவும் செருப்புமே அவர் கோலம். 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் ஜூரு ஆறு கெட்டு, கோலா ஜூரு மீனவர் பிழைப்பிழந்தபோது, சங்கத்தார் அவ்வூருக்கே சென்று குறை கேட்டனர். பாதிக்கப்பட்டவரையே பேச வைப்பது என்னும் முறை அங்கு உருப்பெற்றது. பொருளியலறிஞர் மார்ட்டின் கோர், வழக்கறிஞர் மீனாட்சி ராமன், சரவாக்கில் ஹாரிசன் ஙாவ் ஆகியோர் இத்ரிஸுக்குத் துணையாயினர்.

இப்பணிக்கு விலையும் உண்டு. 1987 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டபோது, மீனாட்சி ராமனும் ஹாரிசன் ஙாவும் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். முன்னவர் பேராக் புக்கிட் மேராவில் கதிரியக்கக் கழிவை எதிர்த்த மக்களுக்காக வாதாடியவர். பின்னவர் சரவாக் பழங்குடியினரின் காட்டுரிமைக்குத் துணைநின்றவர். மறு ஆண்டே சுவீடனிலிருந்து வழங்கப்பெறும் நல்வாழ்வுப் பரிசு சரவாக் கிளைக்குக் கிடைத்தது. புக்கிட் மேரா வழக்கில் 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்த்தது. 1993இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. தோற்ற வழக்கு வென்ற விந்தை இது!

வளர்ச்சிக்குத் தடை என்று இக்கழகத்தைப் பழித்தவர் பலர். ஒருவரே நெடுங்காலம் தலைமை ஏற்பது நன்றோ என்ற ஐயமும் நியாயமானதே. எனினும், ஆட்சிகள் மாறியும் அதே கோரிக்கையைச் சலியாது எழுதும் பொறுமை அந்த நெடுங்காலத்தாலேயே வாய்த்தது.

இக்கழகத்தின் துணையுடன் பினாங்குக் கரையோர மீனவர் சங்கத்தார், பேரலைக்கு முன்பே, 1990களில் கண்டல் நடத் தொடங்கிவிட்டனர். காடு மட்டுமே பேரலையைத் தடுக்கும் எனக் கூறுதல் மிகை. கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005இல் வெளியான கட்டுரை, மரங்களின் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்றது. கடலிலிருந்து தொலைவும் நிலத்தின் உயரமுமே முதற்காரணம் எனச் சில அறிஞர் மறுத்தனர். மீனவர்க்கோ இவ்வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நண்டும் இறாலும் போதிய சான்று.

இத்ரிஸ் 2019 மே 17ஆம் நாள் மறைந்தார். பயனீட்டாளர் சங்கத் தலைமை முகைதீன் அப்துல் காதருக்கும், இயற்கைக் கழகத் தலைமை மீனாட்சி ராமனுக்கும் வந்தன. கண்டலின் விதை மரத்திலேயே முளைத்து ஈட்டிபோல் தொங்கும். அதை நீர் வற்றும் வேளையில், முழங்கால் புதையும் சேற்றில் நின்று, கையால்தான் ஊன்ற வேண்டும். அலை மோதும் வெளிக்கரையில் ஊன்றியவை பெரும்பாலும் அடித்துச் செல்லப்படும். ஆற்றோரத்து அமைதியான சேற்றில் ஊன்றியவையே வேர்கொள்ளும்.