ஆவணமும் கலையும்: யூஜீன் அட்ஜேயின் பாரிஸ் நிழற்படங்கள்

கலைப்பொருள் அருங்காட்சியகத்தில் இருப்பது. தெருவும் கடைவாயிலும் மாடிப்படியும் வெறும் பயன்பாட்டுக்கு உரியவை என்னும் பாகுபாட்டை நிழற்படம் ஐயத்திற்கு உள்ளாக்கியது. இம்மாற்றத்தை வரலாற்று நோக்கில் அறிய, பிரெஞ்சு நிழற்படக்காரர் யூஜீன் அட்ஜேயின் (1857–1927) பணி தக்க சான்றாகும். வியப்பு என்னவெனில், இன்று பெருங்கலைஞராகப் போற்றப்பெறும் இவர், தம் இல்லத்து வாயிலில் தொங்கவிட்டிருந்த பலகையில் ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்றே எழுதியிருந்தார்.

லிபூர்ன் நகரில் பிறந்து இளமையிலேயே பெற்றோரை இழந்த அட்ஜே, கப்பற்பணியிலும் பின்னர் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவிலும் இருந்தவர். முப்பது வயதைக் கடந்தபின்பே நிழற்படத்தைத் தொழிலாக ஏற்றார். ஓவியர்கள் பார்த்து வரையத்தக்க படங்களை எடுத்து விற்பதே அவர்தம் பிழைப்பு. 1897–98ஆம் ஆண்டளவில் அவருடைய கவனம் பழைய பாரிஸின்மீது திரும்பியது. 1850, 1860களில் ஓஸ்மான் மேற்கொண்ட நகரச் சீரமைப்பில் பழந்தெருக்கள் பல இடிக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென்னும் உணர்வு நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றிருந்தது. நூலகங்களும் கார்னவாலே அருங்காட்சியகமும் அவரிடம் படங்களை வாங்கின.

தம் படவரிசைகளுள் ஒன்றிற்கு அவர் ‘பழைய பாரிஸில் கலை’ எனப் பெயரிட்டிருந்தமை கருதத்தக்கது. கதவைத் தட்டும் இரும்பு வளையங்கள், மாடிப்படிகளின் கைப்பிடிக் கம்பிகள், முற்றங்கள், கடைகளின் சின்னப் பலகைகள் முதலியன அவ்வரிசையில் இடம்பெற்றன. கலை என்னும் சொல்லை அவர் தம் படத்திற்குச் சூட்டவில்லை. பெயர் அறியாத கொல்லரும் தச்சரும் செய்து வைத்த பொருளுக்கே சூட்டினார். என் கருத்தில், அட்ஜேயைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் இதுவே.

18×24 செ.மீ. கண்ணாடித் தகடுகள், மரப்பெட்டிக் கேமரா, முக்காலி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அவர் நடந்தார். கைக்கு அடங்கும் கேமராக்கள் வந்த பின்னும் அவற்றுக்கு மாறவில்லை. பல படங்களின் மேல்மூலைகள் வளைவாகக் கறுத்திருப்பதற்குக் காரணம், உயர்ந்த கட்டடங்களை அடக்குவதற்காக வில்லையை மேலே நகர்த்தியதே. அவருடைய தெருக்களின் வெறுமையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். குற்றம் நடந்த இடங்களைப் போன்றவை என்னும் ஒப்புமையை வால்ட்டர் பெஞ்சமின் 1931இல் எடுத்தாண்டார். சிறந்த ஒப்புமைதான், ஆயினும் அவ்வெறுமையில் ஒரு பகுதி தொழில்நுட்பத்தின் விளைவு என்பதை மறத்தலாகாது. அதிகாலை வெளிச்சத்தில் தகட்டில் ஒளிபட நெடுநேரம் விட வேண்டும். நடப்பவர் மங்கலாகித் தேய்ந்துவிடுவர். 1912இல் எடுத்த உள்ளாடைக் கடைப் படத்தில், வாயிலில் தொங்கும் ஒன்று மட்டும் காற்றில் அசைந்து மங்கியிருக்கிறது. பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் செல்கிறது.

அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைப் பாஸ்டில் சதுக்கத்தில் மக்கள் அண்ணாந்து பார்த்து நின்றதையும் அவர் படமாக்கினார். மேன் ரே வழியாக 1926இல் அப்படம் மீமெய்யியலாரின் இதழ் ஒன்றின் அட்டையில், மதமாற்றத்தைச் சுட்டும் வேறொரு தலைப்புடன் வெளிவந்தது. இவை ஆவணங்களே, தம் பெயரை இட வேண்டா என்று அட்ஜே கேட்டுக்கொண்டதாக மேன் ரே பின்னாளில் கூறியுள்ளார். இதனைத் தன்னடக்கம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. 1920இல் 2,621 கண்ணாடித் தகடுகளை 10,000 பிராங்குக்கு அரசிற்கு விற்றபோது, பழைய பாரிஸ் முழுவதும் தம்மிடம் உள்ளது என்னும் பொருள்பட அவர் எழுதிய மடலில் பெருமிதமே மேலோங்கி நிற்கிறது.

அவர் மறைந்த பின், அமெரிக்கரான பெரனிஸ் ஆபட் எஞ்சிய தகடுகளையும் ஆயிரக்கணக்கான அச்சுப்படிகளையும் வாங்கிக் காத்தார். அவற்றை 1968இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பெற்றது. 1981 முதல் 1985 வரை ஜான் சர்கௌஸ்கியும் மரியா மோரிஸ் ஹாம்பர்க்கும் நான்கு தொகுதிகளாக அவர்தம் படைப்புகளை வெளியிட்டனர். படங்களின் எண்முறையை ஹாம்பர்க் ஆராய்ந்து விளக்கியதும் சிக்கல் எழுந்தது. அவ்வெண்கள் கலைஞரின் வளர்ச்சியைக் காட்டுபவை அல்ல. நூலகப் பட்டியலைப் போன்ற பொருள்வாரிப் பகுப்பு. இத்தகைய தொகுப்பைத் தனியொரு கலைஞரின் படைப்புலகம் எனல் தகுமா என ரோசலிண்ட் கிராஸ் 1982இல் வினவினார்.

வினா வலிமையானது. எனினும், பகுப்பு நூலகத்திற்கு உரியதாயினும் நிற்கும் இடத்தையும் வேளையையும் தேர்ந்தவர் அட்ஜே அல்லரோ? ஒரே மரத்தையும் ஒரே குளத்தையும் ஆண்டுகள் கடந்து மீண்டும் சென்று எடுக்குமாறு எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

ஆவணம் என்னும் அவருடைய சொல்லையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 1910இல் அவர் உருவாக்கிய ‘பாரிஸ் வீட்டு அகங்கள்’ என்னும் தொகுப்பில், பல்வேறு நிலையினரின் அறைகள் அவரவர் தொழிற்குறிப்புடன் உள்ளன. அவற்றுட் சில வேறு எவருடைய அறைகளும் அல்ல என்பதை ஆய்வாளர் மோலி நெஸ்பிட் காட்டியுள்ளார். புத்தக அடுக்கும் நாற்காலியும் கொண்ட அவ்வறைகள், கம்பாஞ் பிரமியேர் தெருவில் அட்ஜே தாமே குடியிருந்த வீட்டின் அறைகள்.