தோழருக்கு எதிரான சாட்சியம்

நெடுந்தூரச் சைக்கிள் பந்தய வீரர்களிடையே எழுதாச் சட்டம் ஒன்று உண்டு: ஊக்கமருந்தைப் பற்றி வெளியே வாய் திறக்கலாகாது. 1999-இல் பிரெஞ்சு வீரர் கிறிஸ்தோப் பாஸோன் அதைப் பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் ஒதுக்கவே, டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின் நடுவிலேயே வெளியேறினார். அவ்வாண்டு முதல் 2005 வரை ஏழு முறை அப்பந்தயத்தில் முதலிடம் பெற்றவர் அமெரிக்கர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்.

அவரை விசாரித்த அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்துக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. பின் வாய்கள் எவ்வாறு திறந்தன? 2010-இல் பழைய தோழர் பிளாயிட் லாண்டிஸ் முதலில் உண்மையை உடைத்தார். அடுத்து மத்திய அரசின் புலனாய்வாளர்கள் வீரர்களை வினவினர். அவர்களிடம் பொய்யுரைத்தால் சிறை. 2012 பிப்ரவரியில் அரசு வழக்குத் தொடராமலே விசாரணையை முடித்துக்கொண்டது. ஆயினும் அரசிடம் உண்மை கூறியவர்க்கு மீண்டும் அதனைக் கூறுதல் அத்துணை அரிதன்று.

விதியும் துணை நின்றது. பிறர் குற்றத்தை வெளிப்படுத்த உதவுபவருக்குத் தடைக்காலத்தில் முக்கால் பங்கு வரை குறைக்கலாம். ஏழு வெற்றிகளிலும் ஆர்ம்ஸ்ட்ராங்குடன் ஓட்டிய ஜார்ஜ் ஹின்கேபி உட்பட அறுவருக்குத் தடை ஆறே மாதம். பழைய வெற்றிகள் சிலவும் பறிபோயின. அந்த ஆறு மாதமும் 2012 செப்டம்பரில் தொடங்கியதால் பெரும்பகுதி பந்தயமில்லாக் குளிர்காலத்திலேயே கழிந்தது! பாஸோன் இழந்ததை எண்ணும்போது, இப்பேரம் மலிவென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், பேரமின்றி அவ்வழக்கு நின்றிருக்குமா என்பது ஐயமே.

2012 அக்டோபரில் வெளிவந்த அறிக்கையில் 26 பேரின் பிரமாண வாக்குமூலங்கள் இருந்தன. அவருள் 11 பேர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய அணித்தோழர்கள். பேசும் வாய்ப்பு அவருக்கும் அளிக்கப்பட்டது. அவர் மறுத்தார், ஆயுட்காலத் தடை பெற்றார். 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.