வன்தட்டை இணைத்த வடம்

வடத்தின் முனை கணினியின் இணைப்புவாயிற் பொருந்திவிட்டால் இணைப்பு முடிந்தது என எண்ணுதல் மனித இயல்பு. வீட்டுக் கணினிகளின் வரலாற்றிலே இவ்வெண்ணம் பலரை ஏமாற்றியதுண்டு.

தகவலைச் சேமிக்கும் வன்தட்டு விலையுயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. அமெரிக்காவின் சுகார்ட் அசோசியேற்ஸ் கம்பனி 1981 இல் வெளியிட்ட இணைப்பு முறை, பின்னர் 'ஸ்கசி' எனப் பெயர் பெற்று, 1986 இல் அந்நாட்டின் நியமமாயிற்று. கணினி உட்பட 8 கருவிகள் ஒரே வடத்தில் வரிசையாக இணையலாம். வடம் 6 மீற்றர் வரை நீளலாம்.

நீண்ட கம்பியிலே ஓர் இடர் உண்டு. விரைந்து செல்லும் மின்குறி முனையை அடைந்ததும், மலையில் மோதிய குரல்போலத் திரும்பி வருகின்றது. திரும்பிய குறி புதிய குறியுடன் கலந்தால் தகவல் சிதையும். ஆகவே வடத்தின் இரு முனைகளிலும் தடையிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு குறிக்கம்பியும் 220 ஓம் தடையியால் 5 வோல்ற்று மின்னுடனும், 330 ஓம் தடையியால் நிலத்துடனும் பிணைக்கப்பட்டது. குறி எதுவும் செல்லாத வேளையிலே கம்பி 3 வோல்ற்றளவில் நிற்கும். அந்த 5 வோல்ற்று மின்னைக் கொண்டுசெல்ல வடத்திலே தனிக் கம்பியொன்று உண்டு.

1986 சனவரியில் அப்பிள் கம்பனி வெளியிட்ட மக்கின்டொஷ் பிளஸ், ஸ்கசி வாயுடைய முதல் மக்கின்டொஷ் ஆகும். ஆனால் அக்கம்பிக்கு அது மின் வழங்கவில்லை! இணைத்த தட்டு தானே வழங்கினால் யாவும் நலம். வழங்காவிடின் வெளிமுனைத் தடையிகள் தம் கடமையைச் செய்ய இயலாது. தட்டைக் குறை கூறுவது எளிது, குற்றமோ தட்டினதன்று. இச்சிக்கனத்தை அறிவுடைமை எனல் அரிது.

மேலும், 50 முனைகள் கொண்ட வடத்துக்கு மாறாக அப்பிள் 25 முனைகளுடன் நிறுத்திக்கொண்டது. நிலக்கம்பிகளே பெரிதும் குறைந்தன. இடம் மிச்சமாயிற்று என்பது உண்மையே. ஆயின், 1981 இல் வந்த ஐ.பி.எம். கணினியில் அச்சுப்பொறிக்கென அமைந்த வாயும் அதே உருவினது. வடம் பொருந்தும், மின்முறை பொருந்தாது. தவறி இணைத்தால் சுற்றுகள் பழுதடையக்கூடும்.

இன்று அப்பழைய தட்டுகள் பல ஓய்ந்துவிட்டன. பிளஸ் கணினியைப் பேணுவோர் நினைவக அட்டை பொருத்திய சிறு பலகைகளை அவ்வாயில் இணைக்கின்றனர். வடத்திலிருந்தே மின்பெறும் பலகை பிற்கால மக்கின்டொஷ்கள் பலவற்றில் இயங்கும். பிளஸிலோ அதற்கு வேறிடத்திலிருந்து மின்கம்பி இழுக்க வேண்டியுள்ளது.